வேடந்தாங்கலுக்குப் போகிறவர்களுக்கு

தை மாதம் பிறந்துவிட்டால் பட்டணத்துக் குடும்பங்களில் ஒரு யோசனை உதயமாகிறது. "இந்த ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலுக்குப் போய்ப் பட்சிகளைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?" என்பதே அது. மிகவும் நல்ல யோசனைதான். ஆனால் அது நிறைவேறுகிற விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைந்து, பாட்டிக்குத் தலையணையும் குழந்தைக்குப் பந்தும் எடுத்து வைத்து வண்டி புறப்படும்போது மணி ஒன்பதாகிவிடுகிறது. செங்கற்பட்டைத் தாண்டி ஏரிக்கரையை அடையும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறான். தூரத்து மரங்களின்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகின்றன. "கொக்கு!" என்கிறார் குடும்பத் தலைவர். "இத்தனை கொக்கா!" என்று வியக்கிறார் அவருடைய மனைவியார். குழந்தை ஐஸ் வேண்டுமென்று அழுகிறது. அரை மணி நேரத்துக்குள் புளியோதரைப் பாத்திரம் திறக்கப்படுகிறது. மாலையில் வீடு திரும்பியதும், "ஒன்றும் பிரமாதமில்லை, கொக்குதான் இருக்கிறது" என்று அண்டை வீட்டாருக்குத் தகவல் போகிறது.

நாடகக் கொட்டகைக்குள் இடைவேளையில் நுழைந்து, தொங்குகிற திரையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது எப்படியோ, அப்படித்தான் இதுவும். பறவைகளுக்கு நண்பகல் இடைவேளை. அவற்றின் நாடகம் விடியற்காலையில் ஒரு முறையும் அந்தி வேளையில் ஒரு முறையும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கியமான காட்சியோ ஏரியில் நடப்பதே இல்லை. அது எங்கே நடக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். தாங்கல் என்றால் தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரி என்று பொருள். வேடனுடைய பெயரைத் தாங்கிய அந்த ஏரி, பறவைகளுக்கு அபயம் அளிக்கும் இடமாக ஆனது ஒரு வேடிக்கை. ஏரியின் பரப்பு சுமார் 74 ஏக்கர். நல்ல மழை பெய்த ஆண்டில் 30,000 பறவைகளுக்குமேல் அங்கே கூடுகின்றன. கார்த்திகை, மார்கழி, தை, மாசி மாதங்களே ஏற்ற காலம்.

போவதானால் இருள் பிரிவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். பறவைகளை அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நலம். முப்பது பறவைகளின் பெயரை அடுக்கிச் சொல்பவர்தான் நல்ல வழிகாட்டி என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே பறவையை அரை மணி நேரம் அசையாமல் பார்க்கச் செய்து, "அது ஏன் அப்படிச் செய்கிறது?" என்று உங்களையே கேட்க வைப்பவர் எவரோ, அவரே நல்ல வழிகாட்டி.

முதலில் காதுதான் வேலை செய்யும். குஞ்சுகளின் கத்தலும், நாரைகள் அலகோடு அலகு தட்டும் சத்தமும், சிறகுகளின் சலசலப்பும் கலந்து, தொலைவில் ஒரு சந்தை கூடியிருப்பது போன்ற இரைச்சல் கேட்கும். வானம் வெளுக்கும்போது, இரவெல்லாம் இரைதேடிய இராக்கொக்குகள் வீடு திரும்பிக்கொண்டிருக்கும். அதே சமயத்தில் சின்னக் கொக்குகளும் நீர்க்காகங்களும் புறப்பட்டுப் போகும். ஆலையில் இரவு முறைக்காரரும் பகல் முறைக்காரரும் வாசலில் சந்தித்துக்கொள்வதைப் போல இருக்கும். கூழைக்கடாவும் பெரிய நாரைகளும் இவ்வளவு அவசரப்படுவதில்லை. உடல் கனத்த அந்தப் பிரபுக்கள், வெயில் ஏறித் தரையிலிருந்து வெப்பக் காற்று மேலெழும்வரை காத்திருக்கின்றன. பிறகு அந்தக் காற்றின்மேல் ஏறி, இறக்கையை அதிகம் அசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்து, வேண்டிய திசையில் சறுக்கிச் செல்கின்றன.

இனி அலகுகளைப் பாருங்கள். தச்சன் பையில் உளி, இழைப்புளி, வாள் இருப்பதுபோல ஒவ்வொரு பறவையும் தன் தொழிலுக்கு ஏற்ற கருவியை முகத்திலேயே தாங்கியிருக்கிறது. கரண்டிவாயன் தட்டையான அலகைச் சேற்று நீரில் இப்படியும் அப்படியுமாக வீசிச் செல்லும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீரில் வைத்துக்கொண்டு, காலால் அடிமண்ணைக் கலக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் மூடிவிடும். கண்ணால் காண்பதைவிட ஸ்பரிசத்தையே அது நம்புகிறது. ஆகையால் கலங்கல் நீரிலும் அதற்குப் பட்டினியில்லை. அரிவாள் மூக்கன் சேற்றுக்குள் துளாவும். பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பார்ப்பவர்கள் பாம்பென்றே நினைப்பார்கள். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பெரிய தோற்பை ஒன்று தொங்குகிறது. அதுவே அதற்கு வலை. குஞ்சுக்குப் பரிமாறும் பாத்திரமும் அதுவே.

இவற்றுள் நத்தைகொத்தி நாரையின் அலகு மிகவும் விசித்திரமானது. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் பாவம், அலகு கோணிவிட்டதென்று இரங்குவார்கள். இரங்க வேண்டியதில்லை. மேல் அலகினால் நத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை அது எடுத்துவிடுகிறது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

இந்த இடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளெல்லாம் ஸைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரசவத்துக்காக வருகின்றன என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நம் நாட்டுப் பறவைகளே. நீரும் மீனும் இருக்கும் இடம் தேடி அவை நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. வடதேசத்திலிருந்து வரும் விருந்தாளிகள் வேறு. ஊசிவால் வாத்து, உள்ளான், வாலாட்டி முதலியவை மத்திய ஆசியா, ஸைபீரியா போன்ற குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடும் காலத்தில் இங்கே பிழைக்க வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. சுருங்கச் சொன்னால், நம்முடையவை ஏரிக்குப் பிள்ளை பெற வருகின்றன. அயல்நாட்டவை சாப்பிட வருகின்றன. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரியாமற் போய்விடும்.

பிள்ளை பெறுவதற்கு இந்த ஏரியை ஏன் தேர்ந்தெடுத்தன? காரணம் தண்ணீரில் நிற்கும் மரங்கள். நீர்க்கடம்பும் கருவேலமும் வேர் முழுகிக் கிடந்தாலும் பட்டுப்போகாத மரங்கள். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை நாயும் நரியும் பூனையும் அதன் அடியை நெருங்க மாட்டா. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டிய அரசர்களின் யுக்தி பறவைகளுக்கும் தெரிந்திருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை முட்டையிட்டது முதல் அதன் குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதமும் அகழி வற்றக்கூடாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் ஏரியை நிரப்பினால் பறவைகள் வருகின்றன. மழை பொய்த்தால் வருகை குறைகிறது. நடுவில் நீர் வற்றினால் கட்டிய கூட்டையும் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஆகவே பறவைகளின் பஞ்சாங்கம் மழை.

நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயன். ஒரு முறை மாணவர்களுக்கு இந்த விவரங்களையெல்லாம் கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பையன் ஒருவன், "ஸார், இத்தனை பறவையும் தின்றால் ஏரியில் மீன் தீர்ந்துபோகாதா?" என்று கேட்டான். கேள்வியைக் கணக்காக்கிக் கரும்பலகை இல்லாமலே போட்டுப் பார்த்தோம். 74 ஏக்கரில் 30,000 பறவைகள் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 400 பறவைகள். பெரிதும் சிறிதுமாகச் சேர்த்து ஒரு பறவைக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ இரை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் தேவை 7,500 கிலோ. நூறு நாளைக்கு ஏழரை லட்சம் கிலோ. "இந்த ஏரியில் அவ்வளவு மீன் இருக்காது, ஸார்" என்றான் அந்தப் பையன். "ஆனால் பறவைகள் பட்டினி கிடக்கவில்லையே?" என்றேன். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, காலையில் பறவைகள் பறந்து சென்ற திசையைப் பார்த்தார்கள்.

அதுதான் விஷயம். வேடந்தாங்கல் ஏரி பறவைகளுக்குப் பிரசவ வீடு. அடுப்பங்கரை வெளியே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகள், குளங்கள், தாங்கல்கள், நீர் நிற்கும் நன்செய் வயல்கள், வாய்க்கால்கள் எல்லாம் சேர்ந்ததே அந்த அடுப்பங்கரை. தாய்ப்பறவை பல மைல் பறந்து சென்று, மீனும் தவளையும் நத்தையும் விழுங்கித் திரும்பி வந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கிறது. ஆகவே மரத்தின்மேல் இருக்கும் ஒவ்வொரு குஞ்சும் எங்கோ ஒரு கிராமத்து வயலின் விளைச்சல்.

இதனால்தான், பட்சி பார்க்கப் போகிறவர்கள் கரையோடு நின்றுவிடக்கூடாது என்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு அக்கம்பக்கத்துக் கிராமங்களின் வழியே மெதுவாகச் செல்லுங்கள். சில மைல் தூரத்தில் கரிக்கிலி ஏரி இருக்கிறது. அதையும் பாருங்கள். வழியில் உழுது நீர் பாய்ச்சிய வயல் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். ஏரின் பின்னாலேயோ, உழும் இயந்திரத்தின் பின்னாலேயோ கொக்குகள் நடந்து போவதைக் காணலாம். மண் புரளும்போது வெளிப்படும் புழுக்களும் பூச்சிகளும் அவற்றின் கூலி. காலையில் மரத்தின்மேல் நின்ற நத்தைகொத்தி இப்போது முழங்காலளவு நீரில் தலைகுனிந்து வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வயலில் கடுமையான பூச்சிமருந்து தெளித்தால் நத்தையும் தவளையும் அழியும். அந்தக் குளத்தைத் தூர்த்து மனை போட்டால் மீன் போகும். இரண்டும் வேடந்தாங்கல் எல்லைக்கு வெளியே நடக்கலாம். ஆனால் பட்டினி கிடப்பது வேடந்தாங்கல் மரத்தின்மேல் இருக்கும் குஞ்சு.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ஏரிக்கரைக்கு வாருங்கள். சூரியன் சாயச் சாய, நாலா திசைகளிலிருந்தும் வரிசை வரிசையாகப் பறவைகள் வீடு திரும்பும். காலையில் வெறும் காட்சியாக இருந்தது, இப்போது அர்த்தமுள்ளதாகிவிடும். "இது அந்த வயலிலிருந்து வருகிறது, அது கரிக்கிலிப் பக்கமிருந்து வருகிறது" என்று குழந்தைகளே சொல்வார்கள்.

இந்தப் பறவைகளை இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் யார்? வேடந்தாங்கல் நாட்டின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம் என்று பெயர் பெற்றது. ஆனால் அதன் சரித்திரம் சர்க்கார் உத்தரவில் ஆரம்பமாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் அதைப் பொறுக்காமல் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். அதன் பலனாக 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவர் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார் என்பது வரலாறு. துப்பாக்கியும் அதிகாரமும் கும்பினியின் கையில் இருந்த காலம் அது. தங்கள் நிலத்துக்காகவும் வரிக்காகவும் முறையிடவே அஞ்சிய காலத்தில், மரத்தின்மேல் இருக்கும் நாரைக்காக ஒரு கிராமத்து ஜனங்கள் நியாயம் கேட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டாமா?

இதை வெறும் ஜீவகாருண்யம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊராருக்கு அதில் லாபமும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்து ஏரி நீர் உரமேறிப்போகிறது. மதகைத் திறந்துவிட்டால் தண்ணீரோடு உரமும் வயலுக்குப் பாய்கிறது. பறவை தின்றது வயலின் நத்தையும் ஏரியின் மீனும். திருப்பிக் கொடுத்தது எரு. காகிதத்தில் எழுதாத ஓர் ஒப்பந்தம் இது. நீ என் மரத்தில் குடியிரு, நான் உன்னைத் தொடமாட்டேன், என் பயிருக்கு நீ உரம் போடு என்ற இந்த ஒப்பந்தத்தை இரு தரப்பாரும் இருநூறு ஆண்டுகளுக்குமேல் மீறவில்லை.

சட்டம் பின்னால் வந்தது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1998-ல் ஏரியும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்ஸார் பட்டியலில் இடம் பெற்றன. ஈரான் தேசத்து ராம்ஸார் நகரில் 1971-ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகள் சேர்க்கப்படும் பட்டியல் அது.

ஆனால் 2020-ல் அந்த ஐந்து கிலோமீட்டரை மூன்றாகச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. ஏரி அப்படியே இருக்குமே, மரம் அப்படியே இருக்குமே, இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்டார்கள். பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துகொள்ள, மேலே சொன்ன பையனின் கணக்கே போதும். ஐந்து, மூன்றானால் ஐந்தில் இரண்டு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். க்ஷேத்திர கணிதம் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர்தான். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடுகிறது. பிரசவ வீட்டைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, அடுப்பங்கரையில் பாதிக்குமேல் இடித்துவிட்டு, "வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை" என்று சொல்வதற்கு இது ஒப்பானது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அந்த வட்டத்துக்குள் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களுக்கும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், வேலை வேண்டும். பறவைக்காக மனிதன் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது எளிது. விவசாயம் கட்டுப்படியாகாமல் நிலத்தை விற்க வேண்டிய நிலை வந்தால், பழைய ஒப்பந்தம் தானாகவே முறிந்துபோகும். வயலே இல்லாதவனுக்கு உர நீரால் என்ன பிரயோஜனம்? ஆகவே நம்மைப் போன்ற பார்வையாளர்கள் மூன்றாவது தரப்பாராக அந்த ஒப்பந்தத்தில் சேர வேண்டும். புளியோதரையைக் கட்டிக்கொண்டு போய், குப்பையை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு வருவதில் ஊருக்கு ஒரு காசு லாபமில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரையே துணைக்கு அழைத்துச் சென்று அவருக்குக் கூலி கொடுங்கள். அந்த ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். அந்த வட்டாரத்து அரிசியை ஒரு மூட்டை வாங்கி வாருங்கள். பறவை இருப்பதால்தான் ஜனங்கள் வருகிறார்கள், ஜனங்கள் வருவதால் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்று ஊர் அறிந்தால், எந்தச் சட்டத்தையும்விட அது வலுவான காவல்.

தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்கள் வேறும் உண்டு. சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்பதைப் பெற்றோர் அறிவார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் உள்ள கூந்தன்குளத்தில் நாரைகள் ஏரியோடு நில்லாமல், ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. எச்சம் முற்றத்தில் விழுகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது. ஆனாலும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நன்மை என்கிறார்கள். இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும் அந்த நீர்நிலைக்கு விருந்தாளி. இவர்களுக்கு எதிரே பட்டணவாசிகள் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்தால் வெட்கமாயிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும் பகுதியைக் கட்டிடங்களும் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. மிஞ்சியிருப்பதில் இன்றும் பறவைகள் இறங்குகின்றன என்பது நம்முடைய பெருமையன்று, அவற்றின் பொறுமை.

ஏரிக்கரையில் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் சில வார்த்தைகள். கட்டளையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆகையால் காரணத்தோடு சொல்கிறேன்.

முதலாவது, சத்தம் கூடாது, கூட்டு மரத்தை நெருங்கவும் கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால், அடுத்த நிமிஷமே காக்கை வந்து முட்டையைக் கொத்திவிடும். காக்கை வராவிட்டாலும் வெயில் வரும். சிறகு முளைக்காத குஞ்சுக்கு நடுப்பகல் வெயிலே எமன். மஞ்சள் மூக்கு நாரை இறக்கையைக் குடைபோல் விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்பதைப் பார்த்தவர்கள் கரையில் கை தட்டமாட்டார்கள்.

இரண்டாவது, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஆடை வேண்டாம். பச்சை, காவி, மண் நிறம் போதும். பட்டுப்புடவை கல்யாணத்துக்கு இருக்கட்டும்.

மூன்றாவது, கைபேசியிலிருந்து பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதை அருகில் வரவழைக்கும் பழக்கம் சிலரிடம் பரவியிருக்கிறது. அது பறவைக்கு வேடிக்கையன்று. எதிரி ஒருவன் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று எண்ணி, கூட்டையும் இரையையும் மறந்து அது அலைகிறது. நல்ல படம் கிடைப்பதற்காகப் பறவையைக் கல்லெறிந்து கிளப்புவதோ இன்னும் மோசம்.

நான்காவது, தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்குகிறவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் போதும். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவது பறவையோடு சேர்த்துக் கை நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

ஐந்தாவது, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும். தேதி, நேரம், வானிலை, நீர்மட்டம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறித்துவையுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் படம் வரையுங்கள். இப்படிப் பல ஆண்டுகள் பலர் எழுதிய குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்பது தெரியவரும். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவை அன்பர்கள் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். அதில் கலந்துகொள்ள ஏரிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. வீட்டு மாடியில் கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட காக்கை, மைனா, கிளி, தேன்சிட்டு எல்லாவற்றையும் எண்ணி எழுதினாலும் அது கணக்கில் சேரும். கோலம் போட எழுந்த பெண்மணிகளுக்கு இது ஒரு சிரமமாகாது.

வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் முழுவதையும் கொடுக்க முடியாதவர்கள் தங்கள் ஊர் ஏரிக்குப் போகலாம். அதுவும் அந்தப் பெரிய அடுப்பங்கரையின் ஒரு மூலைதான். கலங்கல் வழியாக நீர் ஒழுங்காகப் போகிறதா, கரையோரம் யாராவது மண் கொட்டித் தூர்க்கிறார்களா என்று பார்த்து வாருங்கள். தூர்த்தால் கேளுங்கள். 1798-ல் எழுத்தறியாத உழவர்கள் கலெக்டர் துரையின் வாசலில் போய் நின்றார்கள். படித்த குடும்பங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போடக் கூசவேண்டியதில்லை.

குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு உபாத்தியாயன் என்ற முறையில் கடைசியாக ஒன்று சொல்வேன். திரும்பி வரும் வழியில், "எத்தனை பறவை பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஓர் எண்தான் விடை. "அவை இன்றைக்கு எங்கே போய்ச் சாப்பிட்டன?" என்று கேளுங்கள். வண்டி ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயலையும் குளத்தையும் பார்த்துக் குழந்தை பதில் தேடத் தொடங்கும்.